முப்பது ஆண்டுத் தாமதம்: ஒரு கொலம்பியப் பெண்ணின் மூளையும் ஓர் அமினோ அமிலமும்

அந்தப் பெண்ணுக்கு 44 வயதை ஒட்டி நினைவு தடுமாறத் தொடங்கியிருக்க வேண்டும். 49 வயதில் முழு மறதிநோய் வந்திருக்க வேண்டும். அறுபதைத் தொடும் முன்பே அவர் இறந்திருக்கவும் கூடும். அதே மரபணுப் பிறழ்வைச் சுமந்த அவருடைய உறவினர்களுக்கு நடந்தது அதுதான். இவருக்கோ சிறு மறதி தலைகாட்டியதே எழுபது வயதைக் கடந்த பிறகு.

அவரைப் பற்றி 2019 நவம்பரில் வெளிவந்த முதல் ஆய்வுக் கட்டுரை பெயரைச் சொல்லவில்லை. இங்கும் அது தேவையில்லை. அல்சைமர் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் ‘மூளையில் புரதம் படிகிறது, நினைவு போகிறது’ என்ற இடத்தில் நின்றுவிடுகின்றன. படிகிற புரதத்தை எந்த நொதி எங்கே வெட்டியது, அதன்மேல் எத்தனை பாஸ்பேட் ஒட்டியிருக்கிறது, அடுத்த செல் அதை எதைக் கொண்டு பற்றுகிறது என்ற கேள்விகள் பேசப்படுவதே இல்லை. நோயின் வேகம் அந்த வேதியியலில்தான் இருக்கிறது என்பதை இந்தப் பெண்ணைவிடத் தெளிவாகக் காட்டிய மனிதர் எனக்குத் தெரிந்து வேறு ஒருவர் இல்லை.

பின்னணி: அந்தியோக்கியாவின் மலைக் குடும்பம்

கொலம்பியாவின் வடமேற்கில் உள்ள மலை மாகாணம் அந்தியோக்கியா. அதன் தலைநகர் மெடலின். சுற்றியுள்ள சிற்றூர்களில் சில குடும்பங்களில் நாற்பது வயதுக்காரர்கள் திடீரென்று பெயர்களை மறப்பதும், வீட்டுக்கு வழி தவறுவதும், சில ஆண்டுகளில் படுக்கையில் விழுவதும் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தன. அங்கே அதற்கு ‘லா போபேரா’ என்று பெயர். மதி மழுங்கும் நோய் என்று சொல்லலாம். சாபம் என்று நம்பியவர்களும் இருந்தார்கள்.

1980களில் பயிற்சி மருத்துவராக இருந்த பிரான்சிஸ்கோ லொபேரா, நாற்பதுகளில் இருந்த ஒரு நோயாளியைப் பார்த்தார். அவருடைய தந்தைக்கும் தாத்தாவுக்கும் அதே வயதில் அதே நோய் வந்திருந்தது தெரிந்ததும் ஊர் ஊராகப் போகத் தொடங்கினார். தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டி, வீடுவீடாகக் கேட்டு, அவரும் உடன் இருந்த செவிலியரும் வம்ச வரைபடத்தைக் கட்டினார்கள். ஆயுத மோதல்கள் நடந்துகொண்டிருந்த பகுதியில், பல ஆண்டுகள் நடந்த வேலை இது. இன்று அந்தப் பெருங்குடும்பத்தில் ஏறத்தாழ 6,000 பேர் அறியப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் சுமார் 1,200 பேர் பிறழ்வைச் சுமப்பவர்கள்.

இளவயதிலேயே வரும் இந்த அல்சைமருக்குக் காரணமான பிறழ்வு எது என்பது 1995 இல் தெரிந்தது. ப்ரெசெனிலின்-1 என்ற புரதத்தின் 467 அமினோ அமிலங்களில் 280 ஆவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் இருக்க வேண்டும். இந்தக் குடும்பத்தினரிடம் அங்கே அலனின் இருக்கிறது. ஆய்வாளர்கள் இதை இ280ஏ என்று குறிக்கிறார்கள். ஒரு பிரதி இருந்தாலே போதும், நோய் வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு.

இங்கே ஒரு முடிவைக் குறிப்பிட வேண்டும். ஆய்வில் சேர்பவர்களிடம் பிறழ்வு இருக்கிறதா இல்லையா என்பதை ஆய்வுக் குழு வழக்கமாக அவர்களுக்குச் சொல்வதில்லை. தடுக்கவோ குணப்படுத்தவோ மருந்து இல்லாதபோது, முப்பது வயதில் ஒருவருக்கு அந்தச் செய்தியைக் கொடுப்பதால் விளையும் துயரத்தை அவர்கள் எடைபோட்டார்கள். பின்னர் இதே குடும்பத்தில் 252 பேரைச் சேர்த்து கிரெனசுமாப் என்ற மருந்தைச் சோதித்தபோது, பிறழ்வு இல்லாதவர்களையும் சேர்த்து அவர்களுக்கு வெற்று மருந்து கொடுத்தார்கள். ஆய்வில் இருக்கிறார் என்பதை வைத்து ஒருவரின் மரபணுவை ஊரார் ஊகித்துவிடக் கூடாது என்பதே நோக்கம். 2022 ஜூனில் அந்தச் சோதனையின் முடிவு வந்தது. மருந்து பலன் தந்ததாக நிறுவ முடியவில்லை.

வெட்டில் தொடங்கும் கோளாறு

ப்ரெசெனிலின் ஒரு வெட்டும் நொதியின் மையப் பகுதி. காமா-செக்ரடேஸ் எனப்படும் அந்த நொதி நான்கு புரதங்கள் சேர்ந்த கூட்டு. வெட்டுவதற்குத் தேவையான இரண்டு அஸ்பார்டிக் அமிலங்கள் ப்ரெசெனிலினில்தான் இருக்கின்றன. செல் சவ்வில் பதிந்திருக்கும் அமிலாய்டு முன்னோடிப் புரதத்தை முதலில் பீட்டா-செக்ரடேஸ் வெளிப்புறத்தில் வெட்டுகிறது. மிஞ்சிய துண்டைக் காமா-செக்ரடேஸ் சவ்வுக்குள் வைத்து வெட்டுகிறது. ஒரே வெட்டில் அது முடிவதில்லை. முதலில் 48 அல்லது 49 அமினோ அமில நீளத்தில் ஒரு வெட்டு. பிறகு மூன்று நான்கு அமினோ அமிலங்களாகக் கத்தரித்துக்கொண்டே வந்து, பெரும்பாலும் 40 இல் நிறுத்தி விடுவிக்கிறது. இப்படி வெளியேறும் துண்டுதான் பீட்டா-அமிலாய்டு.

இ280ஏ பிறழ்வில் இந்தக் கத்தரிப்பு சரிவர முடிவதில்லை. நொதியின் பிடியிலிருந்து துண்டு முன்கூட்டியே நழுவிவிட, 42 நீளமுள்ளவற்றின் விகிதம் கூடுகிறது. வால்பகுதியில் கூடுதலாக இருக்கும் இரண்டு அமினோ அமிலங்களும் நீரை வெறுப்பவை. அதனால் 42 நீளத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் வேகம் மிக அதிகம். இரண்டு அமினோ அமில வேறுபாடு ஒரு குடும்பத்தின் வயதுக் கணக்கையே மாற்றிவிட்டது.

ஒட்டிச் சேர்ந்த படிவு அப்படியே இருப்பதும் இல்லை. ஆண்டுக்கணக்கில் கிடக்கும் புரதம் வேதிமாற்றம் அடைகிறது. நுனியின் இரண்டு அமினோ அமிலங்கள் கழன்று, மூன்றாவது இடத்துக் குளூட்டமிக் அமிலம் வளையமாக மூடி பைரோகுளூட்டமேட் ஆகிறது. ஏழாவது இடத்து அஸ்பார்டிக் அமிலம் வடிவம் திரும்பி ஐசோ-அஸ்பார்டேட் ஆகிறது. முதல் மாற்றம் நடந்தபின் நுனியிலிருந்து மெல்லும் நொதிகளுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. இரண்டாவது நடந்தபின் செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் உள்ள நொதிகள் அந்த இடத்தில் திணறுகின்றன. 2024 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டொனானெமாப் மருந்து குறிவைப்பது இந்தப் பைரோகுளூட்டமேட் நுனியைத்தான்.

கணக்கில் வராத ஒருவர்

இந்தப் பின்னணியில்தான் அந்தப் பெண் ஆய்வுக் குழுவின் கண்ணில் பட்டார். பிறழ்வு அவரிடம் இருந்தது. ஆனால் ஐம்பதிலும் அறுபதிலும் அவருக்கு நோய்க்குறி எதுவும் இல்லை. எழுபதுகளில்தான் லேசான அறிதிறன் குறைபாடு என்று சொல்லத்தக்க நிலைக்கு வந்தார். அதுவும் அண்மையில் நடந்தவற்றை மறப்பதோடு நின்றது. நரம்பியல் பரிசோதனை இயல்பாக இருந்தது.

இப்படி ஒருவர் தென்படும்போது மூன்று விளக்கங்கள் எளிதாகக் கிடைக்கும். பரிசோதனையில் பிழை, மாதிரி மாறிவிட்டது, அல்லது தற்செயல். விதிவிலக்கை ஒதுக்கிவிட்டுச் சராசரியை மட்டும் பேசுவது ஆய்வுலகில் அரிதல்ல. மெடலினில் இருந்த குழு அப்படிச் செய்யவில்லை. மற்றவர்கள் எந்த வயதில் நோயுற்றார்கள் என்பதை முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதி வைத்திருந்ததால், இவர் எவ்வளவு தூரம் விலகி நிற்கிறார் என்று அவர்களால் அளக்க முடிந்தது. அந்தப் பதிவேடு இல்லாவிட்டால் இவர் நினைவு கொஞ்சம் மங்கிய ஒரு மூதாட்டி, அவ்வளவுதான்.

குழு எடுத்த முடிவு, அவரை அமெரிக்காவின் பாஸ்டனுக்கு அழைத்துப்போய் முழுமையாகப் படம் எடுப்பது. எழுபது வயதைத் தாண்டிய ஒருவரை இன்னொரு நாட்டுக்கு ஸ்கேனுக்காக அழைத்துப்போவது சாதாரணக் காரியம் அல்ல. ஆனால் அமிலாய்டுக்கு அடுத்து அல்சைமரில் நரம்பு செல்களுக்குள் சேரும் டௌ என்ற புரதத்தை உயிருள்ள மூளையில் காட்டும் பெட் ஸ்கேன் வசதி அங்கேதான் அவர்களுக்குக் கிடைத்தது. கொலம்பியாவில் பிறந்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றும் யாகில் கிரோஸ் இந்தக் குடும்பத்தினரை ஏற்கெனவே அப்படி ஆராய்ந்து வந்தார்.

ஸ்கேன் காட்டியது

முதலில் அமிலாய்டு. அவர் மூளையில் அது குறைவாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. முடிவு நேர்மாறாக வந்தது. அந்தக் குடும்பத்தில் அதுவரை படமெடுக்கப்பட்டவர்களிலேயே மிக அதிகமான அமிலாய்டு இவரிடம் இருந்தது. நாற்பதுகளில் நோய் தொடங்கிய உறவினர்களுக்கு அளவுகோலில் 1.49 முதல் 1.60 வரை வந்த இடத்தில் இவருக்கு 1.96. வெட்டுக் கோளாறு தன் வேலையை முழுதாகச் செய்து முடித்திருந்தது.

அடுத்தது டௌ. நோயுற்ற உறவினர்களிடம் மூளைப் புறணி முழுக்கப் பரவியிருந்த டௌ, இவரிடம் பொட்டுமடலின் உட்பகுதியிலும் பிடரிமடலிலும் மட்டும் இருந்தது. மூளை குளுக்கோஸ் பயன்படுத்தும் அளவைக் காட்டும் ஸ்கேனில், அல்சைமர் வழக்கமாகத் தாக்கும் இடங்கள் பெரிதும் நலமாக இருந்தன.

இந்த இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் கேள்வி தானாகவே கூர்மையாகிறது. அமிலாய்டு படிவதற்கும் டௌ பரவுவதற்கும் இடையில் ஒரு கதவு இருக்கிறது. மற்றவர்களிடம் அது திறந்தது. இவரிடம் அதை மூடி வைத்திருந்தது எது?

இதைப் படித்துவிட்டு ‘அமிலாய்டுக்கும் நோய்க்கும் தொடர்பில்லை’ என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. அந்த வாசிப்பை நான் ஏற்கவில்லை. அதே குடும்பத்தில் நூற்றுக்கணக்கானோருக்கு நோயைத் தொடங்கி வைத்தது அமிலாய்டின் வெட்டுப் பிழைதான். இவர் காட்டியது, அந்தத் தொடக்கத்துக்கும் நினைவிழப்புக்கும் நடுவே தடுக்கத்தக்க ஒரு படி இருக்கிறது என்பதை.

மரபணுத் தேடல்

குழு அவருடைய மரபணுத் தொகுதியில் புரதம் ஆக்கும் பகுதிகள் அனைத்தையும் வரிசைப்படுத்தியது. தனித்து நின்றது அபோ-ஈ மரபணு. கொழுப்பைச் சுமந்து செல்லும் இந்த 299 அமினோ அமிலப் புரதத்துக்கு மக்களிடையே மூன்று வடிவங்கள் பரவலாக உண்டு. 112, 158 ஆகிய இரண்டு இடங்களிலும் சிஸ்டைன் இருந்தால் அபோ-ஈ2. முதலாவதில் சிஸ்டைன், இரண்டாவதில் ஆர்ஜினின் என்றால் அபோ-ஈ3. இரண்டிலும் ஆர்ஜினின் என்றால் அபோ-ஈ4, முதுமையில் வரும் அல்சைமருக்கு மிகப் பெரிய மரபணு ஆபத்து அதுதான்.

இவரிடம் இருந்தது அபோ-ஈ3. ஆனால் 136 ஆவது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதிலாகச் செரின். தாய்வழி தந்தைவழி இரண்டு பிரதிகளிலும் அப்படியே. நியூசிலாந்தில், இரத்தக் கொழுப்புக் கோளாறு இருந்த ஒருவரிடம் 1987 இல் முதலில் விவரிக்கப்பட்ட மாற்றம் என்பதால் இதற்குக் கிறைஸ்ட்சர்ச் பிறழ்வு என்று பெயர். எதிர்பார்த்தபடி இந்தப் பெண்ணுக்கும் இரத்தக் கொழுப்பு உயர்ந்திருந்தது. அபோ-ஈ புரதத்தைக் கல்லீரல் சரிவரப் பற்றாததன் விளைவு அது. பற்றாமை என்ற இந்தச் சிறு விவரம் பிறகு மிக முக்கியமாயிற்று.

குடும்பத்தில் இதே மாற்றத்தின் ஒரு பிரதி மட்டும் இருந்த நான்கு பேரையும் பார்த்தார்கள். நால்வருக்கும் சராசரியாக 45 வயதில் குறைபாடு தொடங்கியிருந்தது. ஒரு பிரதி போதாது, இரண்டும் வேண்டும் என்று அப்போது தோன்றியது. இந்த முடிவுக்குத் திரும்ப வருவோம்.

பற்றுவதன் வேதியியல்

ஆர்ஜினின் நேர்மின் சுமை உள்ள அமினோ அமிலம். செரினுக்கு மின்சுமை இல்லை. 136 ஆவது இடம், அபோ-ஈ தன் ஏற்பிகளோடும் செல் பரப்பிலுள்ள ஹெப்பாரன் சல்பேட்டோடும் இணையும் பகுதியின் விளிம்பில் இருக்கிறது. ஹெப்பாரன் சல்பேட் என்பது செல் பரப்புப் புரதங்களின்மேல் செல் தானே கட்டித் தொங்கவிடும் நீண்ட சர்க்கரைச் சங்கிலி. அந்தச் சங்கிலியில் குறிப்பிட்ட இடங்களில் நொதிகள் சல்பேட் தொகுதிகளை ஒட்டுகின்றன. ஒவ்வொரு சல்பேட்டும் ஒரு எதிர்மின் சுமை. சங்கிலியின் எந்தச் சர்க்கரையில், எந்தக் கார்பனில் சல்பேட் இருக்கிறது என்பதைப் பொறுத்து, அதில் எந்தப் புரதம் ஒட்டும் என்பது மாறுகிறது. புரதம் கட்டி முடிந்தபின் அதன்மேல் செய்யப்படும் வேதிமாற்றம் எவ்வளவு நுட்பமாக வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

டௌ புரதத்துக்கு வருவோம். நரம்பு செல்லுக்குள் நுண்குழல்களை நிலைநிறுத்துவது அதன் வேலை. டௌவின் நடுப்பகுதியில் லைசின்கள் நிறைந்திருப்பதால் அது நேர்மின் சுமையோடு இருக்கிறது. எதிர்மின் சுமையுள்ள நுண்குழல் பரப்பில் அது ஒட்டிக்கொள்வது அதனால்தான். கைனேஸ் நொதிகள் டௌவில் பாஸ்பேட் ஒட்டும்போது எதிர்மின் சுமை கூடி, பிடி தளர்கிறது. இயல்பான மூளையில் ஒரு டௌ மூலக்கூறுக்கு இரண்டு மூன்று பாஸ்பேட் இருக்கும். அல்சைமர் மூளையில் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. அல்சைமர் மூளையின் நரம்பு செல்களுக்குள் காணப்படும் நூலிழைச் சிக்கல்களில் இருப்பது இப்படி மிகையாகப் பாஸ்பேட் ஏறிய டௌ என்பது 1986 இலேயே தெரிந்துவிட்டது.

குழலை விட்டு விலகிய டௌ, ஒன்றோடொன்று சேர்கிறது. சேர்ந்த சிறு விதைகள் செல்லை விட்டு வெளியேறுகின்றன. அவை அடுத்த செல்லுக்குள் போவது எப்படி என்பதற்கு 2013 இல் ஒரு பதில் கிடைத்தது. செல் பரப்பின் ஹெப்பாரன் சல்பேட் சங்கிலிகள் அவற்றைப் பற்றி உள்ளே இழுக்கின்றன. சர்க்கரையின் ஆறாவது கார்பனில் ஒட்டிய சல்பேட்டும் நைட்ரஜனில் ஒட்டிய சல்பேட்டும் இல்லாவிட்டால் இந்த இழுப்பு வெகுவாகக் குறைகிறது என்று அடுத்த சில ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் காட்டின. 2020 இல் எல்ஆர்பி1 என்ற ஏற்பியும் டௌவை உள்ளே எடுக்கிறது என்று தெரிந்தது. அது அபோ-ஈயையும் ஏற்கும் ஏற்பி. டௌவை அது பற்றுவதும் அந்த லைசின்களைக் கொண்டுதான்.

ஆக, டௌவும் அபோ-ஈயும் ஒரே கைப்பிடிகளை நாடுகின்றன. கிறைஸ்ட்சர்ச் மாற்றம் அந்தக் கைப்பிடியோடு அபோ-ஈக்கு உள்ள உறவைத் தளர்த்துகிறது. ஆய்வாளர்கள் இந்த இடத்தில்தான் தங்கள் கருதுகோளை அமைத்தார்கள்.

ஆய்வகத்தில் சோதித்தது

ஒரே ஒரு நோயாளியை வைத்துக் காரணத்தை நிறுவ முடியாது என்பது குழுவுக்குத் தெரியும். அதனால் மரபணுவைக் கண்டதோடு நிற்காமல் புரதத்தைச் செய்து பார்த்தார்கள். பாஸ்டனில் ஹோசப் அர்போலேதா-வெலாஸ்கெஸ் தலைமையில் நடந்த சோதனை எளிமையானது. ஹெப்பாரன் சல்பேட்டை ஒத்த ஹெப்பாரின் என்ற சர்க்கரைச் சங்கிலி பூசிய குழாய் வழியாக அபோ-ஈயின் வெவ்வேறு வடிவங்களை அனுப்பி, அவற்றைக் கழற்ற எவ்வளவு உப்பு தேவைப்படுகிறது என்று அளந்தார்கள். மிக இறுக்கமாகப் பற்றியது அபோ-ஈ4. பிறகு அபோ-ஈ3, பிறகு அபோ-ஈ2. மிக எளிதில் கழன்றது கிறைஸ்ட்சர்ச். அல்சைமர் ஆபத்து வரிசையும் இதே வரிசைதான் என்பதைக் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

பிறகு, சாதாரண அபோ-ஈயின் 136 ஆவது இடத்தைச் சுற்றியுள்ள பகுதியில் போய் ஒட்டும் எதிர்ப்பொருளைத் தயாரித்தார்கள். அது ஹெப்பாரினோடு அபோ-ஈ இணைவதைத் தடுத்தது. பிறழ்வு இல்லாதவருக்கும் பிறழ்வின் பலனைத் தர முடியுமா என்று பார்ப்பதற்கான முதல் அடி அது. 2023 இல் இத்தகைய ஒரு எதிர்ப்பொருள் எலிகளில் டௌவின்மேல் ஏறும் பாஸ்பேட்டைக் குறைத்ததாக அறிவித்தார்கள். அதே ஆண்டில் வேறொரு குழு, அபோ-ஈ4 சுமக்கும் எலிகளில் இதே 136 மாற்றத்தைப் புகுத்தியது. இரண்டு பிரதிகளிலும் மாற்றம் இருந்தபோது டௌ படிவும் நரம்புச் சிதைவும் நன்கு தடுக்கப்பட்டன. ஒரு பிரதியில் பாதுகாப்பு பகுதியளவே இருந்தது.

ஒரு எச்சரிக்கையும் இங்கே உண்டு. சோதனைக் குழாயில் டௌவை இழையாக்க ஹெப்பாரினைச் சேர்ப்பது 1996 முதல் நடைமுறை. ஆனால் 2019 இல் உறைநிலை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, அப்படி உண்டான இழைகளின் மடிப்பு, நோயாளியின் மூளையில் உள்ள இழைகளின் மடிப்போடு பொருந்தவில்லை. ஹெப்பாரின் குழாயில் கிடைக்கும் முடிவை மூளைக்கு நேராகப் பெயர்த்துவிடக் கூடாது. மேலும், 2024 இல் வெளியான எலி ஆய்வு ஒன்று, கிறைஸ்ட்சர்ச் வடிவம் மூளையின் துப்புரவு செல்களான மைக்ரோகிளியாவின் நடத்தையை மாற்றி, அமிலாய்டு படிவுகளைச் சுற்றி டௌ விதைகள் பரவுவதைக் குறைப்பதாகக் காட்டியது. பற்றுதல் தளர்ந்ததால் டௌ உள்ளே போகவில்லையா, துப்புரவு செல்கள் அதை விரைவாக அகற்றினவா, இரண்டும் சேர்ந்தா என்பது முடிவாகவில்லை.

மரணத்துக்குப் பின்

அந்தப் பெண் 77 ஆவது வயதில், தோல் புற்றுநோய் பரவியதால் காலமானார். கடைசி ஆண்டுகளில் அவருக்கு மறதிநோய் முற்றத் தொடங்கியிருந்தது. பாதுகாப்பு என்றென்றைக்குமானதாக இருக்கவில்லை. ஆனாலும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவருக்குக் கூடுதலாகக் கிடைத்திருந்தன. குடும்பத்தினர் அவருடைய மூளையை ஆய்வுக்குக் கொடையளித்தார்கள். துக்க வீட்டில், சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டிய முடிவு அது. இந்த ஆய்வில் இடம்பெற்ற எல்லா முடிவுகளிலும் மிகக் கடினமானது அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஜெர்மனியின் ஹாம்பர்கில் தியேகோ செபுல்வேதா-பாலியா தலைமையில் திசுவை ஆராய்ந்து 2022 இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்கேன் சொன்னதைத் திசு உறுதிசெய்தது, புதிதாகவும் ஒன்று சொன்னது. நெற்றிமடலில் டௌ மிகக் குறைவு. பிடரிமடலில் மிகக் கடுமை. வழக்கமான அல்சைமரில் டௌ கடைசியாகச் சென்று சேரும் இடங்களில் ஒன்று பிடரிமடல். அங்கே டௌ மிகுந்தும் நெற்றிமடலில் குறைந்தும் இருந்தது தலைகீழ் வரிசை. அதே பிடரிமடலில் மட்டும்தான் இரத்தக் குழாய்ச் சுவர்களில் அமிலாய்டு படிந்திருந்தது. மைக்ரோகிளியாவில் நாள்பட்ட அழற்சியின் சாயல் தெரிந்தது. அபோ-ஈ வெளிப்பாடும் அங்கே குறைவாக இருந்தது. காக்கப்பட்ட நெற்றிமடலிலும், நினைவுக்கு இன்றியமையாத பகுதியான ஹிப்போகேம்பசிலும் அபோ-ஈ கூடுதலாக இருந்தது.

இந்தக் கடைசி விவரத்தில் நான் நீண்ட நேரம் நின்றேன். மாற்றமடைந்த அபோ-ஈ எங்கே நிறைய இருந்ததோ அங்கே பாதுகாப்பு; எங்கே குறைந்ததோ அங்கே டௌ. ஒரே மூளைக்குள் ஒப்பீடு அமைந்துவிட்டது. ஒரு மூளைதான் என்றாலும், மரபணு, வயது, உணவு, வாழ்க்கை எல்லாம் ஒன்றாக இருக்க இடம் மட்டும் மாறுபடும் ஒப்பீடு என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

இரண்டாவது மனிதர்

2023 மே மாதம் அதே குழு, அதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஆணைப் பற்றி எழுதியது. அவரும் இ280ஏ பிறழ்வைச் சுமந்தவர். 67 வயது வரை தெளிவாக இருந்து, 72 இல் மறதிநோய் வந்து, 74 இல் இறந்தார். கிறைஸ்ட்சர்ச் மாற்றம் அவரிடம் இல்லை. ரீலின் என்ற வேறொரு புரதத்தின் 3447 ஆவது இடத்தில் ஹிஸ்டிடினுக்குப் பதில் ஆர்ஜினின் இருந்தது. கொலம்பியா, பாஸ்டன் இரண்டின் பெயரையும் சேர்த்து இதற்குக் கோல்போஸ் என்று பெயரிட்டார்கள்.

அபோ-ஈ இணையும் ஏற்பிகள் சிலவற்றில் ரீலினும் இணைகிறது. இணைந்ததும் செல்லுக்குள் டேப்1 என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏறுகிறது. அந்தச் சமிக்ஞை, டௌவில் பாஸ்பேட் ஒட்டும் ஜிஎஸ்கே-3 பீட்டா என்ற கைனேசை அடக்குகிறது. கோல்போஸ் மாற்றம் இந்தச் சமிக்ஞையை வலுவாக்குகிறது. அதைப் புகுத்திய எலிகளில் டௌவின் பாஸ்பேட் குறைந்தது. அவருடைய மூளையிலும் அமிலாய்டு மிகுதி. நினைவின் வாசலான என்டோரைனல் புறணியில் மட்டும் டௌ மிகக் குறைவு. முதல் பெண்ணிடம் சல்பேட்டைப் பற்றும் சுமை ஒன்று குறைந்தது. இந்த ஆணிடம் அத்தகைய சுமை ஒன்று கூடியது. இரண்டு பாதைகளும் டௌவின் பாஸ்பேட் என்ற ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. இந்த நிகழ்வில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி இதுதான். அதே மாற்றத்தைச் சுமந்த அவருடைய சகோதரிக்கு 58 வயதில் குறைபாடு தொடங்கியது. தாமதம் அவருக்கும் கிடைத்தது, ஆனால் அவ்வளவு நீளமாக அல்ல.

2024 இல் வந்த திருத்தம்

ஒரு பிரதி போதாது என்ற 2019 ஆம் ஆண்டு எண்ணம் பிறகு மாறியது. குழு 1,077 குடும்பத்தினரின் தரவுகளைப் பார்த்தபோது, இ280ஏ பிறழ்வோடு கிறைஸ்ட்சர்ச்சின் ஒரு பிரதியையும் சுமந்த 27 பேர் கிடைத்தார்கள். அவர்களுக்கு லேசான குறைபாடு தொடங்கிய இடைநிலை வயது 52. அந்தப் பிரதி இல்லாத ஒப்பீட்டுக் குழுவினருக்கு 47. மறதிநோய்க்கு முறையே 54, 50. இறந்தபின் ஆராயப்பட்ட நால்வரின் மூளையில் இரத்தக் குழாய் அமிலாய்டு குறைவாகக் காணப்பட்டது. ஐந்து ஆண்டுகள் சிறிதாகத் தோன்றலாம். நாற்பத்தேழு வயதில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள ஒரு தாய்க்கு அது சிறிதல்ல. மருந்து செய்பவர்களுக்கும் இது நல்ல செய்தி. பாதியளவு தடுத்தாலே ஏதோ ஒரு பலன் இருக்கிறது.

லொபேரா 2024 செப்டம்பரில் காலமானார். அவர் தொடங்கிய பதிவேடு தொடர்கிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலாவது, நான்கு பேரை வைத்து ‘ஒரு பிரதி பயனற்றது’ என்ற எண்ணத்துக்கு வந்ததும் அது செய்திகளில் உறுதியான உண்மைபோல் பரவியதும். கட்டுரை எச்சரிக்கையோடுதான் எழுதியிருந்தது. எடுத்துச் சொன்னவர்கள் அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். ஐந்து ஆண்டு வித்தியாசத்தை நால்வரிடம் காண்பது புள்ளியியல்படி இயலாத காரியம் என்பதை அப்போதே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது, அந்தப் பெண்ணின் முதல் ஸ்கேன் எடுக்கப்பட்டபோதே அவர் எழுபதைத் தாண்டியிருந்தார். 45 இலும் 55 இலும் அவர் மூளையில் டௌ எப்படி இருந்தது என்பதை இனி யாராலும் அறிய முடியாது. டௌ மெதுவாக வந்ததா, வந்து நின்றுவிட்டதா என்ற வேறுபாடு மருந்துக்கு மிக முக்கியம். இன்று இரத்தத்திலேயே டௌவின் 217 ஆவது இடத்துப் பாஸ்பேட்டை அளக்க முடிகிறது. எதிர்பார்த்த வயதை ஐந்து ஆண்டு தாண்டியும் நலமாக இருக்கும் எவரிடமும் அந்த இரத்த மாதிரியை ஆண்டுதோறும் எடுத்து வைப்பதற்கு விமானப் பயணம் தேவையில்லை, ஊரிலேயே எடுக்கலாம். பதினைந்து ஆண்டு காத்திருந்து விதிவிலக்கை அடையாளம் காண்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்றாவதை நான் தயக்கத்தோடு எழுதுகிறேன். பிறழ்வு இருப்பதைச் சொல்லாதிருப்பது மருந்தில்லாத காலத்தில் கருணையான முடிவு. ஆனால் அமிலாய்டை அகற்றும் மருந்துகள் வந்துவிட்டன. பாதுகாக்கும் மாற்றங்களும் தெரிய வந்துவிட்டன. கேட்பவருக்கு, உரிய ஆலோசனையோடு, தெரிந்துகொள்ளும் உரிமையைத் திறந்து வைக்க வேண்டிய நேரம் இது என்று நினைக்கிறேன். இரத்தத்தையும், ஸ்கேன் நேரத்தையும், கடைசியில் மூளையையும் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

திசுவில் இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது. அவருடைய நெற்றிமடலிலும் பிடரிமடலிலும் ஹெப்பாரன் சங்கிலிகளின் சல்பேட் அமைப்பை, குறிப்பாக ஆறாவது கார்பனின் சல்பேட்டை, தனித்தனியாக அளந்து ஒப்பிட வேண்டும். டௌ நிறைந்த இடத்துக்கும் டௌ நுழையாத இடத்துக்கும் அதில் வேறுபாடு தெரிந்தால், எதிர்ப்பொருளுக்கு அடுத்தபடியாகச் சல்பேட் ஒட்டும் நொதிகளையும் மருந்துக்கான இலக்காக எடுத்துக்கொள்ள ஆதாரம் கிடைக்கும். தெரியாவிட்டால், மைக்ரோகிளியா பக்கம் கூடுதல் கவனத்தைத் திருப்ப வேண்டியிருக்கும்.